பேசாத பிள்ளையின் வலிக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மூளை முடக்குவாதம். பேச்சு வராது. எடை 14 கிலோ. இரண்டு இடுப்பு மூட்டும் விலகிக்கொண்டே வருகிறது என்று போன வாரம் ஆபரேஷன் செய்து, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரியில் திடீர் திடீரென்று வீறிட்டு அழுகிறான். வார்டில் இருந்தபோதே சொன்னேன். "இந்த மாதிரிப் பிள்ளைங்க எப்பவும் இப்படித்தான் அழும்" என்றார்கள். ஆறு முகம் வரைந்த அட்டையை நீட்டி என்னை ஒன்றைத் தொடச் சொன்னார்கள். நான் எதைத் தொடுவது? மாமியார், "அவனுக்கு வலியெல்லாம் அவ்வளவா தெரியாது" என்கிறார். சின்னவள் வேறு மாதிரி. 4 வயது. வீட்டில் காது வலி என்று அழுவாள், டாக்டர் கேட்டால் "வலிக்கல" என்பாள். அதே அட்டையைக் காட்டினால் சிரிக்கிற முகத்தைத் தொடுகிறாள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிற மாதிரி வலிக்கு எதுவும் கிடையாதா டாக்டர்?
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னதை முதலில் பேசி முடித்துவிடலாம். உங்கள் வீட்டில் மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை அது. மூளை முடக்குவாதத்தில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் தசைகளைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பகுதிகள். வலி தெரிவது அதனால் குறைந்துவிடுவதில்லை. சொல்லப்போனால் இந்தப் பிள்ளைகளுக்கு வலிக்கான காரணங்கள் மற்றவர்களைவிட அதிகம். தசை இறுக்கம், விலகும் இடுப்பு, மலச்சிக்கல், எதுக்களித்து நெஞ்சுக்கு வரும் சாப்பாடு, யாரும் வாயைத் திறந்து பார்க்காததால் சொத்தையாகிப்போன பல். இத்தனையும் இருந்தும் சொல்ல வாய் இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக மாமியாரோடு சண்டை வேண்டாம். எங்கள் தொழிலே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கு ஆபரேஷனின்போது மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. எனக்கு முந்தைய தலைமுறையில், 1980கள் வரைக்கும்கூட, பிறந்த குழந்தைக்கு நரம்பு முதிர்ந்திருக்காது, வலி தெரியாது என்று சொல்லி, தசையைத் தளர்த்தும் மருந்தும் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற லேசான மயக்க வாயுவும் மட்டும் கொடுத்துப் பல இடங்களில் நெஞ்சையே திறந்திருக்கிறார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவர், அப்படி இதய ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாக இருந்தன, ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. 1987-ல் இது வெளிவந்த பிறகுதான் நிலைமை மாற ஆரம்பித்தது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் வலியின் விளக்கத்தைத் திருத்தி எழுதியபோது, ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதை வைத்து அவருக்கு வலி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பதையும் கூடவே எழுதிவைத்தது.

சரி, தெர்மாமீட்டர் விஷயத்துக்கு வருவோம். அப்படி ஒரு கருவி கிடையாது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு வேகம் எல்லாம் வலியில் ஏறும்தான். பயத்திலும் ஏறும், காய்ச்சலிலும் ஏறும். வலி நாள்கணக்கில் நீடித்தால் நாடி இறங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும், வலி அப்படியே இருக்கும். அதனால் வலியை அளக்க எங்களிடம் இருக்கும் முதல் வழி பிள்ளையின் வாய்வார்த்தைதான். அதற்கு வழியில்லாதபோது உடம்பையும் நடத்தையையும் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். உங்களிடம் நீட்டிய முகங்கள் அட்டை முதல் வகையைச் சேர்ந்தது. பிள்ளை தானே தொட்டுக் காட்ட வேண்டியது அது. அம்மாவிடம் நீட்டி "நீங்க ஒண்ணைத் தொடுங்க" என்றால் அதில் பிள்ளையின் வலி வராது, அம்மாவின் பயம்தான் வரும். நீங்கள் தொடாமல் தயங்கியது சரிதான்.

உங்கள் மகனுக்கு ஏற்றது இரண்டாவது வகை. 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃப்ளாக்' என்ற அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்: முகம், கால்கள், உடம்பு, அழுகை, சமாதானமாவது. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. முகம் இயல்பாக இருந்தால் 0. அவ்வப்போது சுளித்தால், புருவத்தை நெரித்தால் 1. தாடை நடுங்கிக்கொண்டோ பல்லைக் கடித்துக்கொண்டோ அடிக்கடி இருந்தால் 2. உடம்பு அமைதியாகக் கிடந்தால் 0, நெளிந்தால் 1, விறைத்து வில் மாதிரி வளைந்தால் 2. அழுகையே இல்லை 0, முனகல் 1, விடாத அழுகை அல்லது அலறல் 2. சமாதானப்படுத்தும் தேவையே இல்லாவிட்டால் 0, தூக்கினால், தடவினால், பேசினால் அடங்கினால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2. கால்கள் தளர்ந்திருந்தால் 0, நிலைகொள்ளாமல் இறுகியிருந்தால் 1, உதைத்தாலோ மடக்கி இழுத்துக்கொண்டாலோ 2. மொத்தம் 10-க்கு. 1 முதல் 3 வரை லேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமையான வலி என்று வைத்துக்கொள்வது வழக்கம். விழித்திருக்கும்போது போர்வையை விலக்கி, ஒன்றிரண்டு நிமிடமாவது சும்மா நின்று பார்த்துவிட்டு மதிப்பெண் போட வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு பார்வை பார்த்து எழுதிவிட்டுப் போவதில் பயனில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் இதில் இரண்டு சிக்கல். கால்கள் மாவுக்கட்டுக்குள் இருக்கின்றன. அந்த வரிக்குக் கால் விரல்களையும் கைகளையும் பாருங்கள். விரல்களை முறுக்கிக்கொள்கிறானா, கையை இறுக்கி மூடிக்கொள்கிறானா என்று. சுத்தமான முறை இல்லைதான். ஆனால் அவனை வேறு பிள்ளையோடு ஒப்பிடப்போவதில்லை நாம், காலையில் இருந்தவனோடு ராத்திரியில் இருப்பவனை ஒப்பிடப்போகிறோம். அதற்கு இது போதும்.

இரண்டாவது சிக்கல் பெரியது. வலியே இல்லாத நாளிலும் அவன் உடம்பு இறுக்கமாகத்தான் இருக்கும், முனகல் பழக்கமாகக்கூட இருக்கலாம். "எப்பவும் இப்படித்தான்" என்று வார்டில் சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்தப் பேச்சில் உள்ள தப்பு என்னவென்றால், அந்த 'எப்பவும்' எப்படி இருக்கும் என்பது வார்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் 2006-ல் மிச்சிகன்காரர்களே இந்த அளவுகோலைத் திருத்தி, பேச முடியாத பிள்ளைகளுக்காக ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஐந்து வரியிலும் பெற்றோர் சொல்வதை எழுத இடம் விட்டார்கள். 'என் பிள்ளை வலியில் இப்படிச் செய்வான்' என்று அம்மா சொல்வது அந்த அளவுகோலின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

அந்த வேலையை இன்றே செய்யுங்கள். அவனுக்கு ஊசி போட்ட நாளையோ, வயிற்றுப்போக்கில் வயிறு வலித்த நாளையோ நினைத்துப் பாருங்கள். வலி என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்த நாள் அது. அன்றைக்கு என்ன செய்தான்? மூச்சைப் பிடித்துக்கொண்டானா? தலையை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டினானா? உங்கள் கையைத் தள்ளிவிட்டானா? வியர்த்ததா, வெளுத்தானா? சில பிள்ளைகள் வலியில் சிரிப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கனடாவில் பேசாத பிள்ளைகளுக்கென்றே தயாரித்த 30 குறிப்புகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, வலிக்கென்றே ஒரு தனிச் சத்தம், அது ஒருவகைச் சிரிப்பாகக்கூட இருக்கலாம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. வழக்கத்தைவிட அசையாமல், சத்தமில்லாமல் கிடப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. சாப்பாடு குறைவதும், தூக்கம் குறைவதும், தூக்கம் கூடுவதும்கூட உண்டு. எங்கள் வார்டுகளில் அதிகம் தவறவிடப்படுவது இந்த அமைதியான பிள்ளைதான். கத்துகிற பிள்ளைக்கு எப்படியும் யாராவது ஓடிவருவார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். பழைய பள்ளிக்கூட நோட்டே போதும். நேரம், மதிப்பெண், அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், என்ன மருந்து, ஒரு மணி நேரம் கழித்து மதிப்பெண் எவ்வளவு. வலி இல்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தோன்றும் வேளையிலும் ஒரு மதிப்பெண் போட்டு வையுங்கள். அவன் வழக்கமான நிலை 2 என்றால், அவனுக்கு 5 என்பதன் அர்த்தமே வேறு. உங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

இரவு 9.30: முகம் 1, விரல் 1, உடம்பு 1, அழுகை 1, சமாதானம் 1. மொத்தம் 5. பாராசிட்டமால் கொடுத்தேன்.
10.30: மொத்தம் 2.
1.15: தூக்கத்தில் திடீரென்று அலறினான். முதுகு வளைந்தது. மொத்தம் 9. இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது, பிறகு 2.
2.40: அதே மாதிரி.

இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றுவது, இதில் இருப்பது இரண்டு வலி. 9.30 மணிக்கு இருந்தது ஆபரேஷன் வலி, பாராசிட்டமாலுக்கு இறங்கியிருக்கிறது. 1.15-க்கு வந்து இரண்டு நிமிடத்தில் போனது பெரும்பாலும் தசை இழுப்பு. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் இப்படி வருவது சகஜம். அதற்குப் பாராசிட்டமாலை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, தசையைத் தளர்த்தும் மருந்து வேறு இருக்கிறது. அது தூக்கத்தையும் மூச்சையும் மந்தமாக்கக் கூடியது என்பதால் அளவை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். "ராத்திரி அழுகிறான்" என்று மட்டும் சொன்னால் அவரால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நோட்டைக் காட்டினால் முடியும். அந்த இரண்டு நிமிடத்தில் வீட்டில் யாராவது போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. அது வலிப்பா, தசை இழுப்பா என்ற சந்தேகம் தெளியவும் அது உதவும்.

மூன்றாவது ஒரு விதம் இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை, கால் விரலை மெதுவாக நிமிர்த்தினாலே வீறிடுகிறான் என்றால் கட்டுக்குள் கால் வீங்கி ரத்த ஓட்டம் தடைபடலாம். விரல் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலோ, விரல் சில்லிட்டு, நீலம் பாரித்து, உப்பியிருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலும், கறை தெரிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் அழுதால் சாதாரணக் காரணங்களையும் பாருங்கள். எத்தனை நாளாக மலம் போகவில்லை? சிறுநீர் போனானா? மல்லாந்தே கிடப்பதால் எதுக்களிக்கிறதா?

மருந்து பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வலிக்கும்போது மட்டும் கொடுப்போம் என்று காத்திருப்பது, கேட்டு வாங்க முடியாத பிள்ளைக்குச் சரிவராது. இந்த முதல் நாட்களில் மணி பார்த்துக் கொடுக்கும்படி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாராசிட்டமால் பொதுவாகக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. உங்கள் மகனின் 14 கிலோவுக்கு 210 மில்லிகிராம் வருகிறது. இப்போது பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். சிரப் 5 மில்லியில் 120 என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. 250 சிரப் என்றால் 4 மில்லியில் 200 மில்லிகிராம் கிடைக்கும், சரியாக இருக்கும். அதே 4 மில்லியை 120 சிரப்பில் கொடுத்தால் 96 மில்லிகிராம்தான், பாதிகூட இல்லை. "மருந்து கொடுத்தும் கேட்கலை" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பாட்டிலைத்தான். சமையலறை ஸ்பூனில் அளக்க வேண்டாம், மருந்தோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். பெரியவர்களின் வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரின் கூடாது. கோடீன் 12 வயதுக்குள் கூடாது. நிமசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நம் நாட்டில் 2011-லேயே தடை செய்யப்பட்டது, மெடிக்கல் ஷாப்பில் யாராவது எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் உங்கள் சின்ன மகள். அவள் பொய் சொல்லவில்லை. கேள்வியைத்தான் அவள் வேறு மாதிரி புரிந்துகொள்கிறாள். சிரிக்கிற முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடும் முகத்தில் முடியும் அந்த அட்டை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், துல்சா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தீக்காயப் பிரிவில் பிறந்தது. எண்ணால் வலியைச் சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக டோனா வோங், கோனி பேக்கர் என்ற இருவர் உருவாக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நாலு வயதுப் பிள்ளையிடம் அதை நீட்டினால், பிடித்த முகத்தைத் தொடு என்று கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. வலி இருந்தும் அழாத பிள்ளைக்குக் கண்ணீர் முகம் தன் முகமாகத் தெரியாது. இதனால்தான் 2001-ல் திருத்தி வெளிவந்த இன்னொரு முகங்கள் அளவுகோலில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. வலியில்லாத முகம் சும்மா ஒரு முகம், கடைசி முகம் வலியில் இறுகிய முகம். எனக்குப் பிடித்தது அதுதான். அதைக் காட்டும்போது சந்தோஷம், சோகம் என்ற சொற்களே வரக் கூடாது. "இந்த முகத்துக்கு வலியே இல்ல, இந்தக் கடைசி முகத்துக்கு ரொம்ப ரொம்ப வலி. உனக்கு இப்போ எவ்வளவு வலிக்குது, அந்த முகத்தைக் காட்டு" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாலு வயதில் அதுவும் முன்னே பின்னே இருக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு இந்தக் கோடியையோ அந்தக் கோடியையோதான் தொடுவார்கள். வீட்டில் வேறொன்று செய்து பாருங்கள். நாலு பாட்டில் மூடிகளை வரிசையாக வையுங்கள். "இது ஒரு துண்டு வலி. நாலும் சேர்ந்தா ரொம்பப் பெரிய வலி. உன் காதுல எத்தனை துண்டு இருக்கு?" 1970களிலிருந்தே நர்ஸுகள் சிவப்பு வில்லைகளை வைத்து இதைச் செய்கிறார்கள். வலி இல்லாத நாளில் ஒரு தடவை விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். நேற்று எவ்வளவு வலித்தது என்று கேட்காதீர்கள், இப்போது என்று மட்டும் கேளுங்கள்.

டாக்டர் முன்னால் "வலிக்கல" என்பது ஊசிப் பயம். "அழுதா டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்று நம் வீடுகளில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! வலிக்கிறது என்று சொன்னால் இன்னொரு வலி வரும் என்று அவள் கணக்குப் போடுகிறாள், அந்தக் கணக்கில் தப்பே இல்லை. அந்த மிரட்டலை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். டாக்டரிடம் போகும்போது, வீட்டில் மூடிகளை வைத்து எத்தனை சொன்னாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். இன்னொன்று, விளையாடுகிறாளே, வலி இருக்காது என்று நினைக்க வேண்டாம். விளையாட்டில் கவனம் போனால் வலி கொஞ்சம் மறக்கும், அவ்வளவுதான். ராத்திரி படுத்ததும் காதைப் பிடித்துக்கொண்டு அழுவாள். காதைக் கட்டாயம் காட்டுங்கள்.

மகனின் மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளுக்கு ஒரு ஏற்பாடு. அறுக்கும் கருவியின் சத்தம் பெரிதாக இருக்கும். அதன் தகடு சுழலாது, அதிரத்தான் செய்யும், அதனால் பொதுவாகத் தோலை அறுக்காது. ஆனால் அது அவனுக்குத் தெரியாதே. காதில் பஞ்சு வையுங்கள், தலைமாட்டில் நீங்கள் நில்லுங்கள். கட்டுப் பிரித்த பிறகு வரும் பிசியோதெரபிதான் பல நேரங்களில் ஆபரேஷனைவிட அதிகமாக வலிக்கும். அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வலி மருந்து கொடுக்கலாமா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் நோட்டைக் காட்டி, அவன் மதிப்பெண் 4-ஐத் தாண்டினால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.